பைரினாய்டு: பாசிகளின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் அந்தப் புள்ளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை நாடாவைச் சுருளாக வரைந்து, அதன் மேல் இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு, கோடு இழுத்து ‘பைரினாய்டு’ என்று பெயர் எழுதியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஸ்பைரோகைரா படத்துக்கு அது கட்டாயம். விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும். அந்த வட்டம் அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால் ‘ஸ்டார்ச் சேமிக்கிறது’ என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு வரி பாதிதான் சரி. மீதிப் பாதியை இங்கே பார்க்கலாம்.

பைரினாய்டு என்றால் என்ன?

பல பாசிகளின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும், தனக்கென்று சவ்வு எதுவும் இல்லாத, புரதம் செறிந்த உருண்டை. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு ரூபிஸ்கோ என்ற நொதி. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையில் முதல் வேலையைச் செய்வது இந்த நொதிதான். பச்சைப் பாசிகளில் இந்தப் புரத உருண்டையைச் சுற்றி ஸ்டார்ச் தகடுகள் அடுக்கி வைத்தது போல இருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஸ்டார்ச் உருண்டையாகவே தெரிகிறது.

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியின் குறுக்களவு சுமார் 10 மைக்ரோமீட்டர். அதில் கிண்ண வடிவப் பசுங்கணிகம் ஒன்று. கிண்ணத்தின் அடிப்பகுதியில் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் அளவில் ஒரே ஒரு பைரினாய்டு. இன்று இதைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு பாசியில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. கீழே வரும் விவரங்களும், வேறு பெயர் சொல்லாத இடத்தில், கிளாமிடோமோனாஸைப் பற்றியவை.

அப்படியானால் ‘ஸ்டார்ச் சேமிக்கும் உறுப்பு’ என்று எழுதுவது தப்பா?

தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமான வேலையை விட்டுவிட்ட பதில். ஸ்டார்ச் பைரினாய்டுக்குள் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது கார்பனை நிலைநிறுத்தும் வேலை. ஸ்டார்ச்சைச் சேமிக்க மட்டும் என்றால் இப்படி ஓர் அமைப்பே தேவையில்லை: நெல், உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் பைரினாய்டு இல்லாமலேயே மூட்டை மூட்டையாக ஸ்டார்ச் சேர்க்கின்றன. அதே கிளாமிடோமோனாஸுக்கு நைட்ரஜன் கிடைக்காமல் போனால், பைரினாய்டை விட்டு விலகி, பசுங்கணிகத்தின் மற்ற இடங்களில்தான் ஸ்டார்ச்சைக் குவிக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். டயாட்டம்கள் என்ற, கண்ணாடி போன்ற ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசிகளின் பைரினாய்டைச் சுற்றி ஸ்டார்ச்சே கிடையாது. ஆனாலும் பைரினாய்டு இருக்கிறது, வேலை நடக்கிறது. ஆக, ரூபிஸ்கோ உருண்டைதான் மூல அமைப்பு; ஸ்டார்ச் உறை சில குடும்பங்களில் மட்டும் கூடவே வருவது. தேர்வுத்தாளில் எழுதுவதானால் ‘ரூபிஸ்கோ செறிந்த புரத மையம், பச்சைப் பாசிகளில் அதைச் சுற்றி ஸ்டார்ச் உறை, கார்பன் நிலைநிறுத்தம் நடக்குமிடம்’ என்று எழுதுங்கள். திருத்துபவர் எவ்வளவு கறாரானவராக இருந்தாலும் அடிக்க மாட்டார்.

கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. அதற்கு ஏற்றது ஸ்பைரோகைராதான். அசையாத தெளிந்த நீரில், தொட்டால் வழவழவென்று நூல் நூலாக வரும் பச்சைப் பாசியைப் பகல் வெளிச்சம் நன்றாகப் பட்ட பிறகு எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று இழை போதும். கொத்தாக வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து எதுவும் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே கண்ணாடிச் சில்லைச் சாய்வாக இறக்கி மூடுங்கள். முதலில் சாயம் எதுவும் இல்லாமல் 400 மடங்கில் பாருங்கள். செல்லுக்குள் பச்சை நாடா சுருண்டு போகும். நாடாவின் நடுவிலேயே வரிசையாக, சுற்றிலும் உள்ள பச்சையை விடப் பளிச்சென்று ஒளியை மடக்கிக் காட்டும் உருண்டைகள் தெரியும்.

அப்புறம் மூடுசில்லின் ஒரு விளிம்பில் நீர்த்த அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை ஒட்டிப் பிடியுங்கள். கரைசல் உள்ளே இழுபட்டு வரும்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். அயோடின் வந்து சேரும் பக்கத்து உருண்டைகள் முதலில் ஊதாவாகி, பிறகு கருநீலமாகும். மறுபக்கத்து உருண்டைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும். நான் பார்த்தவரை, செய்முறை வகுப்பில் மாணவர்கள் நிஜமாகவே ‘அட’ என்று சொல்லும் சில இடங்களில் இது ஒன்று. அயோடின் அடர்த்தியாக இருந்தால் எல்லாமே கறுத்துப் போய் ஒன்றும் புரியாது. வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்துக்கொள்வது நல்லது.

உருண்டை முழுக்கக் கருநீலமாகத் தெரிகிறதே, புரத மையம் எங்கே?

மேலும் கீழும் சூழ்ந்த ஸ்டார்ச் உங்கள் பார்வையை மறைக்கிறது. மிக நீர்த்த அயோடினில், நுண் திருகை மெல்லத் திருப்பி உருண்டையின் நடுமட்டத்துக்குக் குவித்தால் சில உருண்டைகளில் கருநீல வளையமும் உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு நடுப்பகுதியும் பிரிந்து தெரியும். ஸ்டார்ச் அயோடினோடு சேர்ந்தால்தான் கருநீலம். புரதம் சேர்ந்தால் மஞ்சள் பழுப்பு. இந்த வண்ண வேறுபாடே நடுவில் இருப்பது ஸ்டார்ச் இல்லை என்பதற்கு எளிய சாட்சி.

எந்தப் பாசியில் எப்படி இருக்கும்?

ஸைக்னீமாவில் செல்லுக்கு இரண்டு நட்சத்திர வடிவப் பசுங்கணிகங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பைரினாய்டு. ஈடோகோனியத்தில் வலைப்பின்னல் போன்ற பசுங்கணிகம். வலையின் முடிச்சுகளில் பைரினாய்டுகள். குளோரெல்லாவில் ஒன்று, அதன் இருபுறமும் இரண்டு ஸ்டார்ச் தகடுகள். கடலோரப் பாறைகளில் பச்சைத் தாள் போல ஒட்டியிருக்கும் உல்வாவில் ஒரு செல்லில் எத்தனை பைரினாய்டு என்று எண்ணுவது இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932-இல் விவரித்த ஃப்ரிட்ஷியெல்லாவின் செல்களிலும் தகடு வடிவப் பசுங்கணிகத்தில் பல பைரினாய்டுகள் உண்டு. ஈர மண்ணில் வளரும் பாசி அது.

காராவில் பைரினாய்டு கிடையாது. வௌச்சீரியா பச்சை இழையாக இருப்பதால் அதிலும் அயோடின் சோதனை செய்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது சேமிப்பது எண்ணெய், ஸ்டார்ச் இல்லை.

ரூபிஸ்கோவை ஏன் இப்படி ஓரிடத்தில் அடைத்து வைக்க வேண்டும்?

ரூபிஸ்கோ இரண்டு விதத்தில் மோசமான வேலைக்காரன். முதலாவது, வேகம் இல்லை. ஒரு நொதி மூலக்கூறின் ஒவ்வொரு வினைமையமும் வினாடிக்குச் சில கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க: கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிகளில் வேகமானவை வினாடிக்குப் பத்து லட்சம் வினைகளை முடித்துவிடும்.

இரண்டாவது, ஆள் மாறிப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். அப்படி நடந்தால் கிடைப்பது செல்லுக்கு உதவாத இரு கார்பன் சேர்மம். அதைச் சரிசெய்ய ஆற்றலும் போகிறது. ஏற்கெனவே பிடித்த கார்பனில் ஒரு பகுதியும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். வெப்பம் கூடக் கூட இந்தத் தவறும் கூடும்.

இந்த இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான்: நொதியைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பிவிடுவது. ஆக்ஸிஜனுக்கு வாய்ப்பு குறையும், நொதியும் தன்னால் முடிந்த முழு வேகத்தில் ஓடும். ஆனால் பசுங்கணிகம் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடால் நிரப்புவது கட்டுப்படியாகாது, கசிந்து போய்விடும். எல்லா ரூபிஸ்கோவையும் ஒரே இடத்தில் சேர்த்து, அந்த இடத்தை மட்டும் நிரப்புவது லாபம். அந்த இடம்தான் பைரினாய்டு.

பாசிகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

தண்ணீரில் வாழ்வதால். கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதை விட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. செல்லைச் சுற்றி இருந்ததைப் பிடித்து முடித்தால் அடுத்தது வந்து சேர நேரமாகும். கடல் நீரில் கரைந்த கார்பனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. நேரடியாகக் கார்பன் டை ஆக்சைடாக இருப்பது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. ரூபிஸ்கோவோ பைகார்பனேட்டைத் தொடவே தொடாது. அதனால் பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, சரியான இடத்தில் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது?

இந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

முதலில் பைகார்பனேட் செல்லுக்குள் வர வேண்டும். செல் சவ்விலும் பசுங்கணிக உறையிலும் அதற்கென்று கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. சவ்வில் இருப்பது எச்.எல்.ஏ.3, உறையில் இருப்பது எல்.சி.ஐ.ஏ. இரண்டும் கார்பன் டை ஆக்சைடு குறையும்போது அதிகமாக உற்பத்தியாகின்றன. பைகார்பனேட் மின்னூட்டம் உள்ள அயனி என்பதால் சவ்வு வழியாகத் தானாகக் கசியாது. சேர்த்து வைக்க வசதியான சரக்கு.

இப்போது ஸ்ட்ரோமாவில், அதாவது பசுங்கணிகத்தின் உள்ளே நிரம்பியிருக்கும் திரவத்தில், பைகார்பனேட் நிறைந்திருக்கிறது. ஸ்ட்ரோமாவின் அமில கார நிலை 8-ஐ ஒட்டியது, அதாவது காரப் பக்கம்; அங்கே அது பைகார்பனேட்டாகவே இருக்கும். பைரினாய்டின் உள்ளே, ஒளிவினை நடக்கும் தைலகாய்டு சவ்வுகள் குழாய்களாக நுழைந்து நடுவில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தைலகாய்டு சவ்வில் உள்ள பெஸ்ட்ரோஃபின் வகைப் புரதங்கள் பைகார்பனேட்டைத் தைலகாய்டின் உள்வெளிக்குள் விடுகின்றன. வெளிச்சம் இருக்கும்போது அந்த உள்வெளியில் புரோட்டான் குவிந்து அமிலத்தன்மை ஏறியிருக்கும். அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் என்பது பள்ளி வேதியியல்தான். அந்த மாற்றத்தை வேகப்படுத்த அங்கேயே ஒரு கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இருக்கிறது, சி.ஏ.எச்.3 என்று பெயர்.

இப்படிப் பிறந்த கார்பன் டை ஆக்சைடுக்கு மின்னூட்டம் கிடையாது, சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிடும். குழாய்கள் பைரினாய்டுக்குள் இருப்பதால் அது வெளியே வரும் இடமே ரூபிஸ்கோவின் நடுமையம். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ரூபிஸ்கோ காத்திருக்கிறது. தப்பித்து வெளியே போனாலும் சுற்றியுள்ள ஸ்டார்ச் உறை கசிவைத் தடுக்கிறது. அதையும் தாண்டிக் கசிவதை எல்.சி.ஐ.பி. என்ற புரதம் மறுபடி பைகார்பனேட்டாக்கி உள்ளே அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைந்த நிலையில் இந்தப் புரதம் பைரினாய்டைச் சுற்றி வந்து நிற்கும். யாரும் உட்கார்ந்து வடிவமைக்காத ஒன்று இவ்வளவு சிக்கனமாக இருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

இதற்கெல்லாம் ஆற்றல் ஒளிவினையிலிருந்து வருகிறது. இருட்டில் இந்த ஏற்பாடு நின்றுவிடும்.

கால்வின் சுழற்சி முழுவதும் பைரினாய்டுக்குள் நடக்கிறதா?

இல்லை. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் அந்தச் சுழற்சியில் உள்ளே நடப்பது முதல் படி மட்டும்: ஐந்து கார்பன் சர்க்கரையோடு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மூன்று கார்பன் அமிலம் இரண்டு உண்டாவது. சுழற்சியின் மற்ற நொதிகள் வெளியே, ஸ்ட்ரோமாவில் இருக்கின்றன. ஆகவே உள்ளே உண்டான மூன்று கார்பன் அமிலம் வெளியே போக வேண்டும், மறுபடி தயாரான ஐந்து கார்பன் சர்க்கரை உள்ளே வர வேண்டும். 2015-இல் உறைநிலை எலக்ட்ரான் டோமோகிராஃபியில் (செல்லை உறையவைத்து முப்பரிமாணப் படம் எடுக்கும் முறை) பார்த்தபோது, பைரினாய்டுக்குள் போகும் தைலகாய்டு குழாய்களின் உள்ளேயே இன்னும் மெல்லிய நுண்குழாய்கள் ஓடுவது தெரிந்தது. அவை ஸ்ட்ரோமாவையும் பைரினாய்டின் உட்பகுதியையும் இணைக்கின்றன. இந்தச் சின்ன மூலக்கூறுகள் போய்வரும் வழி அதுவாக இருக்கலாம் என்பது கருத்து.

சரி, ஸ்டார்ச் எங்கிருந்து வருகிறது?

வெளியே போன அந்த மூன்று கார்பன் அமிலத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒளிவினையில் உண்டான ஆற்றல் மூலக்கூறுகளான ஏ.டி.பி.யும் (ATP) என்.ஏ.டி.பி.எச்.உம் (NADPH) செலவாகி அது மூன்று கார்பன் சர்க்கரையாகும். அதில் பெரும்பங்கு சுழற்சியைத் தொடரப் போய்விடும். மிச்சப்படுவது இரண்டு இரண்டாகச் சேர்ந்து ஆறு கார்பன் சர்க்கரையாகி, படிப்படியாகக் குளுக்கோஸ்-1-பாஸ்பேட் ஆகும். அதோடு ஏ.டி.பி. (ATP) சேர்ந்து ஏ.டி.பி.-குளுக்கோஸ் (ADP-glucose) உண்டாகும் படிதான் வழிக்குத் தாழ்ப்பாள். அந்தப் படியின் நொதியைத் தூண்டுவது யார் தெரியுமா? அதே மூன்று கார்பன் அமிலம். அதாவது ரூபிஸ்கோ நன்றாக வேலை செய்தால் ஸ்டார்ச் தயாரிப்பும் தானாக முடுக்கிவிடப்படும்.

பிறகு ஸ்டார்ச் சிந்தேஸ் நொதிகள் குளுக்கோஸ்களை ஒவ்வொன்றாகக் கோக்கின்றன, கிளைக்கும் நொதிகள் கிளை போடுகின்றன, ஐசோஅமிலேஸ் தப்பான கிளைகளைக் கத்தரித்துப் பளிங்கு போல் அடுக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

ஒரு காலத்தில் பைரினாய்டின் புரதமே துண்டு துண்டாகப் பிரிந்து ஸ்டார்ச்சாக மாறுகிறது என்று நினைத்தார்கள். ஹைட்ரோடிக்டியான் என்ற வலைப்பாசியை ஆராய்ந்த டிம்பர்லேக் 1901-இல் அப்படித்தான் எழுதினார். அன்றைய மைக்ரோஸ்கோப்பில் மையத்தை ஒட்டி ஸ்டார்ச் துண்டுகள் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். புரதம் ஸ்டார்ச்சாக மாறுவதில்லை.

ஸ்டார்ச் ஏன் குறிப்பாகப் பைரினாய்டைச் சுற்றிப் படிகிறது?

கார்பன் டை ஆக்சைடு தாராளமாக இருக்கும்போது, உதாரணமாகக் காற்றோடு 2 முதல் 5 சதவீதம் கலந்து ஊதி வளர்க்கும்போது, ஸ்டார்ச் பெரும்பாலும் ஸ்ட்ரோமாவில் சிதறிய மணிகளாக இருக்கும். அதே செல்களைச் சாதாரணக் காற்றுக்கு மாற்றினால் சில மணி நேரத்திலேயே பைரினாய்டைச் சுற்றித் தகடுகள் எழும்பிவிடும். சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால், கார்பன் குறைந்த நேரத்தில் இப்படி இடம் மாற்றிக் கட்ட வேண்டியதில்லை.

தகடுகளைப் பிடித்து வைக்கும் புரதங்களும் கிடைத்திருக்கின்றன. சாகா1, சாகா2 என்ற இரண்டும் ஸ்டார்ச்சோடு ஒட்டும் பகுதியும் ரூபிஸ்கோவோடு ஒட்டும் பகுதியும் கொண்டவை. ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. சாகா1 பழுதான செல்களில் தகடுகள் மெலிந்து நீண்டு போகின்றன. ஒரு பைரினாய்டுக்குப் பதில் பத்து வரை உண்டாகிவிடுகின்றன. சாதாரணக் காற்றில் செல் சரியாக வளர்வதில்லை.

ஸ்டார்ச் உறை கட்டாயமா என்பதில் நீண்ட நாள் வழக்கு இருந்தது. 1990-களில் ஸ்டார்ச்சே தயாரிக்க முடியாத பிறழ்வுச் செல்களும் கார்பனைச் செறிவாக்குகின்றன என்று கண்டு, உறை தேவையில்லை என்றார்கள். 2020-இல் ஜப்பானிய ஆய்வொன்று இன்னும் கீழே போய்ப் பார்த்தது. கார்பன் டை ஆக்சைடு மிக மிகக் குறைந்த நிலையில் உறை இல்லாத, ஐசோஅமிலேஸ் பழுதான செல்கள் பின்தங்கின, எல்.சி.ஐ.பி. புரதமும் தன் இடத்தில் நிற்கவில்லை. ஆக, நெருக்கடி முற்றும்போதுதான் உறையின் அருமை தெரிகிறது. சோதனை நிலைமையைச் சொல்லாமல் ‘தேவை’, ‘தேவையில்லை’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

சவ்வு இல்லாமல் எப்படிக் கலையாமல் இருக்கிறது?

எபிக்1 என்ற புரதம் இதற்குப் பதில். 2016-இல் லூக் மெக்கிண்டர், மார்ட்டின் ஜோனிகாஸ் ஆகியோரின் குழு இதை அடையாளம் காட்டியது. நீளமான, நிலையான வடிவம் இல்லாத புரதம். ரூபிஸ்கோவைப் பிடிக்கும் இடங்கள் ஐந்து அதில் வரிசையாக இருக்கின்றன. ரூபிஸ்கோவோ துணையலகுகள் என்ற புரதத் துண்டுகளால் ஆனது: பெரிய துணையலகு எட்டு, சிறிய துணையலகு எட்டு. எபிக்1 ஒட்டுவது சிறியவற்றில். ஒரு எபிக்1 பல ரூபிஸ்கோவைப் பிடிக்க, ஒரு ரூபிஸ்கோவைப் பல எபிக்1 பிடிக்க, மொத்தமும் ஒரு வலையாகிவிடுகிறது. ஒவ்வொரு பிடியும் பலவீனமானது, விட்டு விட்டுப் பிடிப்பது. அதனால் உருண்டை கெட்டியாக உறைவதில்லை. குழம்பில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டு போல, சவ்வு இல்லாமலேயே உருண்டு தனித்து நிற்கிறது. இரண்டு அருகே வந்தால் ஒன்றாகிவிடுகிறது.

பல பத்தாண்டுகள் இதைப் பளிங்கு போன்ற கெட்டிப் பொருள் என்றுதான் நினைத்தார்கள். சில பாசிகளின் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களில் வரிசை வரிசையாகத் தெரிந்ததே காரணம். 2017-இல் ஒளிரும் புரதம் பூட்டிய ரூபிஸ்கோவின் ஒரு பகுதியை லேசரால் மங்கவைத்துப் பார்த்தபோது, மங்கிய பகுதியும் மங்காத பகுதியும் சிறிது நேரத்தில் கலந்துவிட்டன. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மறு ஆண்டு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், சுத்திகரித்த ரூபிஸ்கோவையும் எபிக்1-ஐயும் சோதனைக் குழாயில் கலந்தார்கள். வேறு எதுவும் சேர்க்காமலேயே துளிகள் உருவாகின.

செல் பிரியும்போது பைரினாய்டு என்ன ஆகிறது?

பசுங்கணிகம் பிரியும்போது அதுவும் நடுவில் இறுகி இரண்டாகப் பிரியும். சில நிமிட வேலை. அந்த நேரத்தில் அதன் ஒரு பகுதி ஸ்ட்ரோமாவில் கரைந்து, பிரிவு முடிந்ததும் மறுபடி ஒன்றுகூடும். ஒரு சேய்ச்செல்லுக்குப் பங்கு கிடைக்காமல் போனாலும் கவலை இல்லை. கரைந்திருக்கும் ரூபிஸ்கோவிலிருந்து புதிதாக ஒன்று திரண்டுவிடும்.

இதை முதலில் கண்டது யார்?

ஜெனீவாவைச் சேர்ந்த வௌச்சர் 1803-இலேயே நன்னீர்ப் பாசிகளில் இந்த உருண்டைகளைக் குறித்து வைத்தார். மேலே சொன்ன வௌச்சீரியா அவர் பெயரில் அமைந்ததுதான். ‘பைரினாய்டு’ என்று பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் ஷ்மிட்ஸ், 1880-களின் தொடக்கத்தில். அதன்பின் இது எதற்கு என்று தெரியாமலேயே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது. 1971-இல் எரிமோஸ்ஃபீரா என்ற பெரிய பச்சைப் பாசியிலிருந்து பைரினாய்டுகளைப் பிரித்தெடுத்து அதன் புரதத்தைச் சோதித்தபோதுதான் ரூபிஸ்கோ பற்றிய துப்பு கிடைத்தது.

எல்லாப் பாசிகளிலும் ஸ்டார்ச் பசுங்கணிகத்துக்குள்தான் இருக்குமா?

இல்லை, பச்சைப் பாசிகளில்தான் அப்படி. சிவப்புப் பாசிகளில் ஸ்டார்ச் பசுங்கணிகத்துக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உண்டாகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் இந்த வகை. அது சேர்ந்த பெருங்குழுவில் பெரும்பாலானவற்றுக்குப் பைரினாய்டும் கிடையாது. யூக்ளினா சேமிப்பது பாராமைலான் என்ற வேறொரு சேமிப்புச் சர்க்கரை, அதுவும் வெளியே. மன்னார் வளைகுடாவின் பவளங்களுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகளில் பைரினாய்டு ஒரு காம்பு வைத்தது போலப் பசுங்கணிகத்திலிருந்து துருத்தி நிற்கும். ஸ்டார்ச் தொப்பி அதற்கு வெளிப்புறம்.

டயாட்டம்களின் கதை இன்னும் சுவையானது. சேமிப்புச் சர்க்கரை கரைந்த நிலையில் வாக்குவோலில் இருக்கிறது. பைரினாய்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது 2024-இல்தான் தெளிவானது: ஒரு புரத உறை. அதற்கான மரபணுவை நீக்கினால் பைரினாய்டு உருக்குலைந்து, செல்லின் வளர்ச்சி பலமாக அடிவாங்குகிறது. ரூபிஸ்கோவை இணைக்கும் புரதமும் டயாட்டத்தில் வேறு, குளோரெல்லாவில் வேறு, கிளாமிடோமோனாஸில் வேறு. ஒரே தீர்வைப் பல குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

உலகில் நிலைநிறுத்தப்படும் கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பைரினாய்டுகள் வழியாகப் போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதில் டயாட்டம்களின் பங்கு பெரிது.

ஸ்பைருலினாவில் பைரினாய்டு உண்டா?

கிடையாது. அது நீலப்பச்சைப் பாசி, அதாவது பாக்டீரியா, பசுங்கணிகமே இல்லை. ரூபிஸ்கோவை அடைத்து வைக்க அதற்குக் கார்பாக்ஸிசோம் என்ற, புரத ஓடு போட்ட சிறிய அறைகள் உண்டு. சேமிப்பு கிளைக்கோஜன். மருந்துக்கடையில் ஸ்பைருலினா பக்கத்திலேயே விற்கும் குளோரெல்லாவில் பைரினாய்டு உண்டு. சாப்பிடுபவருக்கு அதனால் தனியாக ஒரு லாபமும் இல்லை.

நிலத் தாவரங்களில் ஒன்றுக்குமா இல்லை?

கொம்புப் பாசிச் செடிகள் என்று சொல்லத்தக்க ஆந்தோசெரஸ் குழுவில் மட்டும் உண்டு. கொடைக்கானல், நீலகிரி மலைகளில் ஈரமான மண் சரிவுகளில் தரையோடு படர்ந்து, மேலே பச்சைக் குச்சிகளை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழுவிலும் எல்லாவற்றிலும் இல்லை. கடந்த பத்துக் கோடி ஆண்டுகளில் சில கிளைகளில் தோன்றியும் சிலவற்றில் மறைந்தும் வந்திருக்கிறது.

இதை நெல்லில் வைத்தால் மகசூல் கூடும் என்கிறார்களே?

அந்த ஆசைதான் இந்தத் துறைக்கு இவ்வளவு ஆய்வு வரக் காரணம். நெல், கோதுமையில் கார்பனைச் செறிவாக்கும் வழி எதுவும் இல்லை. வெயில் காலத்தில் ரூபிஸ்கோ பிடிக்கும் நான்கில் ஒன்று ஆக்ஸிஜனாக இருக்கலாம்.

2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகக் குழு அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் எபிக்1-ஐயும் பாசியின் ரூபிஸ்கோ சிறு துணையலகையும் வைத்தது. பசுங்கணிகத்துக்குள் ரூபிஸ்கோ துளி திரண்டது. செடிக்கு வளர்ச்சிக் கேடும் இல்லை, கூடுதல் வளர்ச்சியும் இல்லை. அதில் வியப்பில்லை. உருண்டை மட்டும் போதாது: உள்ளே குழாய் வேண்டும், குழாய்க்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வேண்டும், பைகார்பனேட் வரும் வழி வேண்டும், வெளியே கசிவுத் தடை வேண்டும். 2022-இல் வந்த கணினி மாதிரி ஒன்று, கசிவுத் தடையும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் சரியான இடத்தில் இருப்பதும் இல்லாவிட்டால் பலன் இல்லை என்று காட்டியது. 2024-இல் சாகா1, மித்1 என்ற இரண்டு புரதங்களை வைத்து, செடியின் செயற்கைத் துளிக்குள் சவ்வுகளை ஊடுருவச் செய்ய முடிந்தது. நெல் வயலுக்கு வர இன்னும் பல படிகள் இருக்கின்றன. ‘அடுத்த ஆண்டே இரட்டை விளைச்சல்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகிறதே, பைரினாய்டுகள் மறைந்துவிடுமா?

ஆய்வகத்தில் பைரினாய்டிலிருந்து ரூபிஸ்கோ பாதியளவு கலைந்து ஸ்ட்ரோமாவுக்குப் போவது, மேலே சொன்ன 2 முதல் 5 சதவீத அளவில்தான். இன்றைய காற்றில் இருப்பது 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவு. இரட்டிப்பானாலும் 0.1-ஐ எட்டாது. தண்ணீரில் மெதுவாகப் பரவும் தொல்லையும் அப்படியே இருக்கும். அதனால் குளத்துப் பாசியின் பைரினாய்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.